நெருப்பை விட்டிட்டு வரேலாது

ஆறிய சாம்பல் வாளியை இடது கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கும் செல்வரட்ணம், கோழிக்குத் தீன் போடுகிறவரைப் போல வலது கையால் அள்ளி அள்ளி எறிகிறார். முதலில் தன் வாசற்படி, பிறகு நடைபாதை, பிறகு யாரும் கேட்காமலே பக்கத்து வீட்டுப் படியும் பாதையும். பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடியாய்க் கிடக்கும் காலைகளில், பார்க்டேலின் அந்தச் சிறு தெருவில் பயமில்லாமல் கால் வைக்கக்கூடிய வாசல்கள் அந்த இரண்டும்தான். "உப்பு உந்தக் கடுங்குளிருக்கு வேலை செய்யாது. சாம்பல் எந்தக் குளிரிலையும் காலைப் பிடிக்கும்" என்பார். பிடிக்கும்தான். சப்பாத்தின் அடியையும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து கம்பளத்தில் ஏறி உட்கார்ந்தும் கொள்ளும். அதைச் சொல்லிக் குறைப்பட்டவர்களிடம், "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்குப் போனால் என்ன?" என்று கேட்டுவிட்டு வாளியோடு திரும்பிவிடுவார்.

இந்தக் காலத்தில், ரொறன்ரோ மாதிரி ஒரு நகரத்தில், ஒருவரிடம் தினம் ஒரு வாளி சாம்பல் எப்படிச் சேரும்? செல்வரட்ணம் தன் வீட்டை நிலக்கரியால் சூடாக்குகிறார். ஊரெல்லாம் சுவரில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வெறும் சட்டையோடு திரியும்போது, இவர் குளிர் மாரிகாலம் முழுவதும் நிலவறைக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறார். நகங்களின் ஓரம் எப்போதும் கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகுமுன் பல் விளக்கும் பழைய தூரிகையால் தேய்ப்பார். தேய்த்த பிறகும் கறுப்பாகத்தான் இருக்கும். மாதா கோயிலில் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரத்தில் முன் வாங்கில் இருப்பவர்கள் அவருக்கு மட்டும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வதும் உண்டு.

வீடு நூறு வயது தாண்டிய செங்கல் வீடு. ஒரே கூரை, நடுவே ஒரு சுவர், அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். அதை வாங்கப் பார்க்கப் போன அன்று மனைவி மக்டலீன் குசினியைப் பார்த்தார், யன்னல்களைப் பார்த்தார், குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தார். செல்வரட்ணம் நேரே நிலவறைக்குப் போனார். அங்கே அந்தக் காலத்தில் கரி கொட்டிவைத்த ஒரு சிறிய அறை இருந்தது. தெருப்பக்கச் சுவரில் கரியைச் சரித்துவிட ஒரு குட்டி இரும்புக் கதவும் இருந்தது. துருப்பிடித்த அந்தக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தவர், மேலே வந்து, "வீடு நல்ல வீடு" என்று சொல்லிவிட்டார். மற்ற அறைகளை அவர் பார்த்ததே குடிவந்த பிறகுதான்.

கரிப் பைத்தியம் பெர்லினில் பிடித்தது. எண்பதுகளில் ஊர்காவற்றுறையிலிருந்து கிளம்பி அங்கே போய் இறங்கிய பையன்களில் அவரும் ஒருவர். பல பேருக்கு ஓர் அறை. அறை மூலையில் ஓடு பதித்த ஆளுயர அடுப்பு. அதில் கரியை அடுக்கவும் மூடவும் விடியும்வரை கனலை வைத்திருக்கவும் தெரிந்தவனுக்குத்தான் அடுப்போரம் படுக்க இடம். மற்றவர்கள் பாஷை படிக்கப் போன நேரத்தில் இவர் மேல்மாடித் துருக்கிக்காரரிடம் நெருப்புப் படித்தார். "எனக்கு ஜேர்மன் பாஷை கடைசிவரைக்கும் வரேல்லை. கரி வந்திட்டுது" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

நெருப்பை அவர் நெருப்பு என்று சொல்வது குறைவு. பெரும்பாலும் 'ஆள்' என்பார். "ஆளுக்குப் பசி." "ஆள் இண்டைக்குக் கொஞ்சம் சுணக்கம்." "ஆள் நல்ல சந்தோசத்திலை நிக்கிறார், கதவைத் திறவாதை." காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை சாம்பலை உதிர்த்துப் புதுக் கரி போடவேண்டும். காற்று வரும் வழியை விரலளவு திறக்கவேண்டும், அல்லது மூடவேண்டும். ஒரு நாள் தவறினால் ஆள் செத்துப்போவார். பிறகு விறகு வைத்து ஊதி, கண் கலங்கி, முதலிலிருந்து தொடங்கவேண்டும். மகன் மரியோ சில வருடங்களுக்கு முன்பு, அப்பா குளிரில் கிடக்கக்கூடாது என்று, காஸ் ஃபேர்னஸ் ஒன்று பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். அது நிலவறையின் மறுமூலையில் வந்த விருந்தாளி போல நின்றுகொண்டிருந்தது. செல்வரட்ணம் அதன் தலையில் கையுறைகளைக் காயப்போடுவார்.

மக்டலீன் பிறம்ரனில், மகன் வீட்டில் இருக்கிறார். மரியோவுக்கு முதற்பிள்ளை பிறந்தபோது ஒரு மாதத்துக்கென்று போனவர். மருமகள் வேலைக்குத் திரும்பினாள், பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று இருந்துவிட்டார். அடுத்த பிள்ளை வந்தது. பெரியவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினான், பஸ்சுக்குக் கொண்டுபோய் விடவேண்டும். அவருடைய உடுப்புகள் ஒவ்வொரு பையாகப் பிறம்ரனுக்குப் போய்ச் சேர்ந்தன. சண்டை இல்லை, சச்சரவு இல்லை, ஒரு கடுமையான சொல்கூட இல்லை. இந்தப் பக்கம் வரச்சொல்லிக் கேட்டால் மக்டலீன், "பிள்ளையளை விட்டிட்டு வரேலாது" என்பார். அந்தப் பக்கம் கூப்பிட்டால் செல்வரட்ணம், "நெருப்பை விட்டிட்டு வரேலாது" என்பார். கோயிலில் யாராவது, "என்ன அண்ணை, மனிசியைக் காணேல்லை? நீங்கள் அங்கை போய் இருக்கலாமே?" என்று வாயைக் கிளறினாலும் அதே பதில்தான். அப்போ கோடையில்? "கோடையிலை புகைபோக்கி துப்பரவாக்கவேணும், அடுத்த மாரிக்குக் கரி இறக்கவேணும். ஆர் செய்யிறது?" கேட்டவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். பிரிந்திருக்கிறார்களா என்ற கேள்வி எழும்பாமல் இத்தனை வருடமும் அந்த நெருப்புத்தான் காத்துவந்தது.

பிறம்ரனில் போய் நின்று பார்க்காதவரும் அல்ல. ஒரு வார இறுதியில் போனார். வீட்டில் எல்லோரும் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். கதிரையில் இருக்கவைத்தார்கள், தேத்தண்ணி வந்தது, பிஸ்கற் வந்தது. சுவரில் சூட்டைக் காட்டும் பெட்டி ஒன்று இருந்தது, "அதைத் தொடாதேங்கோ அப்பா, புறோகிறாம் பண்ணிக் கிடக்கு" என்றான் மரியோ. மக்டலீன் பேரப்பிள்ளைகளோடு தரையில் இருந்து எதையோ சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். கலியாணம் கட்டிய இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பை அவர் கேட்டதில்லை. திங்கட்கிழமை விடியவே புறப்பட்டுவிட்டார். ஆள் செத்துப்போயிருப்பார் என்று சொன்னார். செத்துத்தான் போயிருந்தார்.

பக்கத்து வீட்டை அட்சயாவும் புருசன் நிசாந்தனும் வாங்கி வந்தபோது செல்வரட்ணத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஒருகாலத்தில் பார்க்டேலில் எந்தக் கட்டடத்தின் படியில் ஏறினாலும் தமிழ் கேட்கும். பிறகு எல்லோரும் கிழக்கே போய்விட்டார்கள். இப்போது, அந்தக் கிழக்குப் பக்கத்து மல்வேர்னில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை, வேலைக்குக் கிட்ட என்று சொல்லித் தன் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து குடியேறுகிறாள்! அன்றிலிருந்து ஞாயிறு மத்தியானங்களில் வாசல் கைப்பிடிக் கம்பிக்கு மேலால் ஒரு சட்டி அந்தப் பக்கம் போகும். நண்டுக்கறி, சுறாப்புட்டு, கணவாய்ப் பிரட்டல். கழுவிய சட்டி திரும்பி வரும், அதற்குள் கடையில் வாங்கிய கேக் துண்டு ஒன்று இருக்கும். "அங்கிள், உங்கட நண்டு வேற லெவல்" என்பாள் அட்சயா. அவளுக்குக் குழந்தை பிறந்தபோது செல்வரட்ணம் சரக்குத்தூள் இடித்து, பத்தியக்கறி வைத்துக் கொடுத்தார். குசினியில் மக்டலீன் விட்டுப்போன உரலை அவர் எடுத்தது அந்த ஒருமுறைதான்.

எல்லாம் இந்த மாரியில்தான் பிசகியது. அவர் வழக்கமாகக் கரி எடுப்பது நகரத்துக்கு வெளியே, குதிரைவண்டியில் வரும் பண்ணைக்காரர்களும் சாமான் வாங்கும் ஒரு கடையில். அங்கே கல்லுப்போன்ற கரி கிடைக்கும். பற்ற நேரமெடுக்கும், பற்றினால் நீலச் சுவாலையோடு புகையில்லாமல் எரியும். இந்த முறை அது முடிந்துவிட்டது, கையில் பிடித்தால் உதிரும் மெத்தென்ற கரிதான் இருக்கிறது என்றார்கள். செல்வரட்ணம் கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் வான் வண்டியில் ஏற்றினார். அது மஞ்சளாய் எழும்பி எரிந்தது, புகைந்தது. "இந்தமுறை ஆள் கொஞ்சம் முரடன்" என்று காற்றுவழியை அப்படியும் இப்படியும் திருகிப் பார்த்தார். மூக்குக்கு ஒன்றும் படவில்லை. கரியோடு காலம் கழித்த மூக்குக்கு எது படும்?

பொங்கல் கழிந்த கையோடு அட்சயா கதவைத் தட்டினாள். மார்போடு கட்டிய குழந்தை, அதன் மேல் பெரிய குளிரங்கி. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. மனப்பாடம் செய்ததைச் சொல்லுகிற பிள்ளையைப் போல நிதானமாகச் சொன்னாள்.

"அங்கிள், நீங்க கோவிக்கக்கூடாது. உங்கட கறி மணம் எங்கட றூமுக்குள்ள வருது. பேபிக்கு இருமலா இருக்கு. கறியைக் கொஞ்சம் குறைக்க ஏலுமா? ப்ளீஸ்."

"ஓம் பிள்ளை. அதுக்கென்ன" என்றார் செல்வரட்ணம்.

கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றார். கறி மணம்! முதன்முதல் பார்க்டேலுக்கு வந்து மாடிக் கட்டடத்தில் இருந்த காலத்தில், மேலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் தட்டியதும், மக்டலீன் மீன் பொரிக்குமுன் கதவிடுக்கில் ஈரத் துவாயைச் செருகியதும் ஞாபகம் வந்தது. சொந்தமாக ஒரு வீடு வாங்கியதே அந்தத் துவாயைத் தூர எறியத்தான். "வெள்ளைக்காரன் சொன்னால் வெளியிலை நிண்டு பேசிப்போட்டு வரலாம். எங்கட பிள்ளை சொன்னால் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?" என்று பிறகொரு நாள் சொன்னார். அவருக்கு நெஞ்சு எரிந்தது. இருந்தாலும் குழந்தைக்கு இருமல் என்றால் அதற்குமேல் பேச்சில்லை.

கருவாடு பொரிப்பதை நிறுத்தினார். மிளகாய் வறுப்பதை நிறுத்தினார். ஞாயிற்றுச் சட்டியும் நின்றது. மணம் பிடிக்காதவர்களுக்கு எப்படிக் கொடுத்துவிடுவது? கொஞ்ச நாளில் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த நிசாந்தன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "அங்கிள், அட்சயா சொன்னவா தானே, உந்த ஸ்மெல்... இன்னும் வருது. இப்ப முந்தியைவிடக் கூட." முகம் கறுத்துப்போனது செல்வரட்ணத்துக்கு. அன்றோடு உள்ளிப்பருப்பு, சொதி, தாளிதம் எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டார். பாண், பட்டர், அவித்த முட்டை, தகரத்தில் வரும் சூப். தவக்காலம் தொடங்குமுன்னமே அந்த வீட்டில் தவக்காலம் தொடங்கிவிட்டது.

வாய்க்கு உறைப்பில்லாதவருக்கு உடம்பும் குளிர்ந்தது. சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கே இறங்கிவிட்டார். சின்ன முக்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, அடுப்பின் தட்டையான தலையில் பாணை வாட்டிச் சாப்பிட்டார். ஆளோடு கதைத்தார். ஆளுக்கு இன்னுமொரு சவள் கரி அள்ளிக் கூடுதலாகப் போட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்காக எவ்வளவுக்கெவ்வளவு வாயைக் கட்டினாரோ, அவ்வளவுக்கவ்வளவு கரி எரிந்தது. வாசலில் அட்சயாவைக் கண்டால் குனிந்து வாளியைப் பார்ப்பார். அவளும் கையசைப்பதை விட்டுவிட்டாள்.

அட்சயா மறுபடி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு நேரே வந்திருந்தாள். குழந்தையின் நெஞ்சு இழுத்ததால் விடியற்காலை கொண்டுபோனார்களாம்.

"அங்கிள், நாங்க எத்தின தரம் கேட்டனாங்க? டொக்டர் கேட்டவர், பேபி இருக்கிற இடத்தில என்ன எரிக்கிறீங்க எண்டு. எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல. உங்களை எனக்கு அவ்வளவு விருப்பம். ஏன் நீங்க கறியை நிப்பாட்டேல்ல?"

செல்வரட்ணத்துக்கும் அடக்கிவைத்தது பொங்கிவிட்டது. "பிள்ளை, சத்தியமாச் சொல்லுறன். நான் கறி காய்ச்சி ஒரு மாதத்துக்கு மேலை. பாணைத் திண்டு திண்டு நாக்குச் செத்துப்போச்சு. வந்து பார், குசினி அடுப்பிலை பூனைதான் படுக்குது!"

"குசினியா? வாட்? நான் எப்ப குக்கிங்கைச் சொன்னன்?"

அவள் திரும்பி, தன் வீட்டு யன்னல் விளிம்பில் சுட்டுவிரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். வெள்ளைப் பனியின் மேல் படிந்திருந்த புழுதி விரலோடு வந்தது. அந்தக் கறுத்த விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இது! கறி! நீங்க பேஸ்மென்ற்ல எரிக்கிற கறி!"

செல்வரட்ணம் விரலைப் பார்த்தார். அவள் வாயைப் பார்த்தார்.

"கரி" என்றார் மெல்ல.

"அதைத்தானே நானும் சொல்லுறன். கறி."

கனடாவில் பிறந்த நாக்கு. அதற்கு ரகரமும் றகரமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இங்கிலீஷில் 'கோல்' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். அதை அவர் கேட்டபோது அட்சயா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "இங்கிலீஷில சொன்னா ஓர்டர் போடுற மாதிரி இருக்கும் எண்டு அம்மாவைக் கேட்டனான். கறி எண்டு சொல்லு எண்டு அம்மாதான் சொல்லித் தந்தவா. பிழையில்லாமச் சொல்லவேணும் எண்டு நான் பிறாக்ரிஸ்கூடப் பண்ணினனான் அங்கிள்." சொல்லி முடிக்குமுன் அவளுக்கே விளங்கிவிட்டது. "ஓ மை கோட். நீங்க கறியே சாப்பிடேல்லையா?" என்று வாயைப் பொத்தினாள். செல்வரட்ணம் சிரித்தார். அவளும் அழுகையோடு சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வாசலில் சிரிப்புக் கேட்டது. அப்போது அங்கிக்குள் குழந்தை இருமியது. நாய்க்குட்டி குரைப்பதைப் போல, வறண்ட, இழுபடும் இருமல். இருவரும் நிறுத்திவிட்டார்கள்.

அவள் பின்னால் அந்த வீட்டுக்குள் போனார். குளிர்ந்த வெளிக்காற்றிலிருந்து உள்ளே நுழைந்த அந்த நிமிடம்தான், தன் நெருப்பின் மணம் முதன்முறையாக அவர் மூக்கில் ஏறியது. தீக்குச்சியை உரசியதும் வரும் அந்தக் கந்தக நெடி. மேலே குழந்தையின் அறை, அறைச் சுவரில் புடைத்துக்கொண்டு நிற்கும் பழைய புகைபோக்கி. இரண்டு வீட்டுக்கும் பொதுவான செங்கல் தூண், உள்ளே இரண்டு வழி. நடுவில் இருக்கும் செங்கல் உதிர்ந்திருக்கவேண்டும். வருடா வருடம் அவர் துப்பரவாக்கியது தன் பக்கத்தை மட்டும்தான். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பூச்சு வெடித்த இடத்தில் முகத்தை வைத்து மோந்தார். அதற்கு நேர் கீழே தொட்டில் இருந்தது.

"மாதாவே" என்றார். தொட்டிலுக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் இருந்துவிட்டார். "பிள்ளையை இதிலை கிடத்தாதை. யன்னலெல்லாத்தையும் திற. அம்மா வீட்டை கொண்டுபோ. நான் நெருப்பை எடுக்கிறன்."

"அங்கிள், சிம்னியைத் திருத்தினாப் பிறகு நீங்க—"

"இல்லைப் பிள்ளை. இனி இல்லை."

கொழுந்துவிட்டு எரியும் கரியில் தண்ணீர் ஊற்றக்கூடாது, இரும்பு வெடித்துவிடும். சவளால் கனலை அள்ளி, இரும்பு வாளியில் போட்டு, வளவுக்குக் கொண்டுபோய்ப் பனியில் கொட்டினார். பனி சீறியது, வெள்ளையாய் ஆவி எழும்பியது, கறுப்பாய் ஒரு குழி விழுந்தது. மறுபடி இறங்கினார், மறுபடி ஏறினார். ஒவ்வொரு வாளியையும் கொட்டிவிட்டு அது முழுக்கக் கறுக்கும்வரை பக்கத்தில் நின்றார். கடைசி வாளியோடு தொப்பியையும் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று கேட்டால் வியர்த்தது என்பார்.

பிறகு ஃபேர்னஸின் தலையிலிருந்த கையுறைகளை எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். அது ஒருமுறை கனைத்தது. அவ்வளவுதான். வீடு மேலும் கீழும் ஒரே அளவாகச் சூடேறியது. அதற்குப் பசியில்லை, சுணக்கமில்லை, முரட்டுத்தனம் இல்லை. இவர் இருந்தாலும் எரியும், இல்லாவிட்டாலும் எரியும். செல்வரட்ணம் வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாகப் போய் நின்று பார்த்தார். செய்ய ஒன்றும் இருக்கவில்லை. குழந்தையின் இருமல் குறைந்துவிட்டது, நல்லாய் நித்திரை கொள்ளுகிறது என்று அட்சயா மல்வேர்னிலிருந்து தொலைபேசியில் சொன்னாள். அன்று அவர் நீண்ட நாளைக்குப் பிறகு மிளகாய் வறுத்து ஒரு மீன்குழம்பு வைத்தார். ஒருவருக்குத்தான் வைத்தார். உறைப்பு நல்லாகத்தான் இருந்தது. ஆனால் பாதியோடு எழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மக்டலீன் தொலைபேசியில் கூப்பிட்டபோது, பழக்கதோசத்தில், செத்துக் கிடந்த அடுப்புக்கு முன்னால் முக்காலியில் இருந்தார். அங்கே பிள்ளைகள் ஓடித் திரியும் சத்தம் கேட்டது. சுகம் விசாரித்தார்கள். பூசைக்குப் போனீர்களா, போனேன். குளிரா, குளிர்தான்.

"சின்னவளுக்கு வாற கிழமை பிறந்தநாள்" என்றார் மக்டலீன். "மரியோ கேட்டவன், அப்பா வருவாரோ, வந்து கொஞ்ச நாள் நிப்பாரோ எண்டு. நான் சொல்லிப்போட்டன், அவர் வரமாட்டார், அவருக்கு நெருப்புக் கிடக்குத்தானே எண்டு."

செல்வரட்ணம் அடுப்பின் மேல் கையை வைத்தார். இரும்பு சில்லென்று இருந்தது. 'நெருப்பை நூத்து அணைச்சிட்டன்' என்று ஒரு சொல் போதும். சொன்னால் அவள் ஏதாவது சொல்லவேண்டும். 'அப்ப வாங்கோவன்' என்று சொல்வாளா? சொல்வாள் என்றால் ஏன் கேட்குமுன்னமே மகனுக்குப் பதில் சொல்லி வைத்தாள்? சொல்லாமல், ஒரு கணம் பேசாமல் நின்றுவிட்டு, 'இஞ்ச இடமில்லை' என்றோ 'பேந்து பாப்பம்' என்றோ சொல்லிவிட்டால்? இத்தனை வருடமும் இரண்டு பேரும் கேட்காமல் காத்த கேள்விக்கு அதோடு பதில் வந்துவிடும். அவருக்குப் பயமாக இருந்தது. கடல் தாண்டி எல்லை தாண்டி வந்த மனிசனுக்கு, மனைவியின் ஒரு கணப் பேசாமைக்குப் பயம்.

"நெருப்பு..." என்று தொடங்கினார்.

"என்ன, நெருப்புக்கு என்ன?"

"ஒண்டுமில்லை. நல்லா எரியுது."

"கீழதானே நிக்கிறியள்? ஒரு சத்தத்தையும் காணேல்லை?"

செல்வரட்ணம் எழும்பினார். அடுப்பின் இரும்புக் கதவைக் கிறீச்சென்று இழுத்துத் திறந்தார். தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, சவளை எடுத்து, வெறும் சீமெந்துத் தரையில் நீளமாக ஒரு இழுப்பு இழுத்து, அடுப்புக்குள் கொண்டுபோய்த் தட்டினார்.

"கேக்குதோ?" என்றார்.

மறுபக்கத்தில் மக்டலீன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. செல்வரட்ணம் தொலைபேசியைக் கையில் எடுத்து அடுப்பின் வாயருகே பிடித்துக்கொண்டு, இல்லாத கரியை இன்னொரு முறை அள்ளிப் போட்டார்.